நாளைக்கு மேல் சொல்லாதவர்

இன்று விடியற்காலை, மேற்குக் கடலிலிருந்து மழையோடு அடிக்கும் சுமாத்திராக் காற்று வந்து போனது. மேற்கு ஜன்னலைச் சாத்த மறந்திருந்தேன். எழுந்து பார்த்தால் பாதி அறை ஈரம். ஜன்னல் கட்டையில் நின்ற உங்கள் கண்ணாடிக் குழாயில், ஒட்டியிருந்த எண்ணெய் மிதக்க மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. விளிம்பு உடைந்ததென்று ஆஸ்பத்திரியில் எறியப் பார்த்த மழை அளக்கும் குழாய் அது. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள், நான் அதில் நல்லெண்ணெய் அளந்துகொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு இன்றுதான் அது தன் பழைய வேலையைப் பார்த்திருக்கிறது. குழாயின் அளவுக்கோட்டைப் படிக்கக் குனிந்தேன், கண் தெரியவில்லை. விட்டுவிட்டுத் தரையைத் துடைத்தேன். எனக்கு இப்போது எல்லாமே அலுப்பாகத்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, ஆஸ்பத்திரியில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர் ஆனீர்கள். காலையில் முற்றத்து மழையை அளப்பதும், சுவரில் தொங்கும் பாதரசக் குழாயில் காற்றின் பாரம் பார்ப்பதும் அந்த வேலையோடு வந்து ஒட்டிக்கொண்டன. அது போதாதா? சிராங்கூன் ரோடு முழுவதும் உங்களை வருண பகவானின் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டது. சலவைக்காரர் துணி நனைக்கும் முன் வந்து கேட்பார். அப்பளம் காயவைப்பவள் கேட்பாள். எல்லோருக்கும் உங்களிடம் ஒரே பதில்தான்.

"நாளைக்கு எண்டால் கேளுங்கோ, சொல்லுறன். நாளையிண்டைக்கு எனக்குத் தெரியாது."

பெண்சாதி எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சம் கூட்டி நாளை மறுநாளுக்கும் சொன்னால்தான் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று சண்டை பிடித்திருக்கிறேன். "ஆகாயம் எனக்கு ஒப்பந்தம் எழுதித் தரேல்லை" என்று சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைப்பீர்கள்.

எதிரே மாட்டுக்கொட்டகை வைத்திருந்த தஞ்சாவூர்க்காரரின் மகள் கலியாணம் நினைவிருக்கிறதா? ஆவணியில் மழை சொற்பம் என்று ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கம் சொல்லியிருந்தது. அதை நம்பி வெட்டவெளியில் பெரிய பந்தல் போட ஏற்பாடு செய்துவிட்டார். அது அந்த ஊருக்குக் கணித்தது, இந்த ஊர் மழைக்கு மாதம் தெரியாது என்றீர்கள். அப்படியானால் நீங்களே சொல்லுங்கள் என்று அவர் பிடித்துக்கொண்டார். கலியாணத்துக்கு முதல்நாள் மாலை வரச் சொன்னீர்கள். "கவர்மெண்டு சம்பளம் வாங்குறீங்க, மொத நாளு சொல்றதுக்கு நீங்க எதுக்குய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனாலும் முதல்நாள் மாலை வந்து நின்றார். நீங்கள் மேற்கே வெகுநேரம் பார்த்து, பயமில்லை என்றீர்கள்.

விடியற்காலையில் சுமாத்திராக் காற்று பந்தலைத் தூக்கி அடுத்த தெருவில் போட்டது. சாய்ந்த வாழைமரங்களை அவருடைய மாடுகளே தின்றன. பெண்ணுக்குக் குடை பிடித்துத் தாலி கட்டினார்கள். அதன்பின் வெகுநாள் நம் வீட்டுக்குப் பால் வரவில்லை. உங்களுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாளைக்கு என்பதிலும் பாதிதான் எனக்குத் தெரியும் என்று இலையைப் பார்த்துச் சொன்னீர்கள்.

கார்த்திகையில் காய்ச்சலில் விழுந்தீர்கள். டாக்டர் வந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போவார். நான் யாரிடம் கேட்பேன்? உங்களிடமே கேட்டேன். ஒவ்வொரு மாலையும், "இஞ்சேருங்கோ, நாளைக்கு எப்பிடி இருக்கும்?" என்பேன். மழையைக் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்குச் சற்றுச் சுகமாக இருக்கும் என்பீர்கள், அல்லது நாளைக்குக் கொஞ்சம் கஷ்டம் என்பீர்கள். பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது. அந்த ஒரு நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டே அடுத்த நாளுக்குப் போனேன்.

பிறகு ஒரு மாலை, நான் கேட்பதற்கு முன்பே நீங்கள் பேசினீர்கள்.

"தை பிறக்கட்டும். கடல் சாதுவாய் இருக்கும். ரெண்டு பேரும் ஊருக்குப் போவம்."

இடையில் மார்கழி முழுதாகக் கிடந்தது. நாளையிண்டைக்கே தெரியாது என்ற மனிதர் தை மாதத்தைச் சொல்கிறார். நாளைக்கு என்று சொல்ல உங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழவில்லை. ஓம் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் பார்க்கும்படி தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து, உங்கள் வேட்டிகளை மடித்து அடுக்கினேன். நீங்கள் பார்த்துக்கொண்டே கிடந்தீர்கள்.

"கம்பளியையும் வையும். கப்பலிலை உமக்குக் குளிரும்."

வைத்தேன்.

நீங்கள் மார்கழியைக் காணவில்லை. தை வந்தது. நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்திறங்கியவர்கள், கடல் குளம் மாதிரிக் கிடந்தது என்றார்கள். வாழ்நாளில் நீங்கள் தூரத்துக்குச் சொன்ன ஒரே வானிலை, அட்சரம் பிசகாமல் பலித்தது. அதைக் கேட்டபோதுதான் அழுதேன், பந்தலைப் பறிகொடுத்த தஞ்சாவூர்க்காரரின் மனைவி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

எப்போது ஊருக்கு வருகிறாய் என்று உறவினர் இன்னமும் கேட்கிறார்கள். நாளைக்கு என்றால் கேளுங்கள், சொல்கிறேன் என்பேன். பெட்டியை நான் திரும்ப மேலே ஏற்றவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பளியை எடுத்து வெயிலில் போடுகிறேன். முதல்நாள் மாலை ஜன்னலில் நின்று, மேற்கே வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.