ஏழு மாதம் இளைய தாய்மாமன்

ஆவணி 15, ஞாயிறு

இன்று மல்லாங்கிணற்றில் கார்த்திக்கு நிச்சயதார்த்தம். கார்த்தி என் பெரிய அக்கா மகன். அவன் பிறந்தது தொண்ணூற்றொன்பது டிசம்பரில், நான் பிறந்தது அடுத்த ஜூலையில். அந்த ஏழு மாதத்தை வைத்துக்கொண்டு, "நான் நைன்டீஸ் கிட்ஸு. ஏலே டூகே, ஒனக்கு என்ன தெரியும்?" என்று தினமும் என்னை ஓட்டுவான்.

அத்தான் இறந்துவிட்டதால் தாய்மாமன் நான்தான் தட்டு மாற்ற வேண்டும். பெண்ணின் பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி சின்னப்புள்ளையால்ல இருக்காரு. பெரியவுக யாராச்சும் மாத்தட்டுமே," என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

கார்த்தி எழுந்து தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டான். "எங்க வீட்டுக்கு எங்க மாமாதான் பெரியவுக. அவுகளே மாத்தட்டும்."

அவன் வாயால் மாமா என்று நான் கேட்டதே இல்லை. உட்கார்ந்து தட்டைத் தூக்கியபோது அதிலிருந்த தேங்காய் உருண்டு விழப் பார்த்தது.

நைன்டீஸ், டூகே கணக்கில் நான் அவனுக்கு அடுத்த தலைமுறை. சொந்தக் கணக்கில் முந்திய தலைமுறை. பன்னிரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததற்கு எந்தக் கணக்கிலும் பெயர் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கார்த்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊர் பாளையம்பட்டி வரப்போகும் நேரத்தில் காதருகே குனிந்து, "மாமா, பயமா இருக்குலே," என்றான்.

"நான் இருக்கேம்ல," என்றேன்.

எனக்கு அவனைவிடப் பயமாக இருந்ததை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.