டிஷ்யூவில் சுற்றிய உறை

என் கணவருக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, குளியலறை அலமாரியில் உங்கள் நீல டப்பா இருந்த இடத்தில் என் சீப்பை வைப்பதென்று இன்று முடிவெடுத்தேன். பிள்ளைகள் ஒருமனதாக ஆதரித்தார்கள்.

வீட்டை விட்டுப் போன பிறகு நேற்றுதான் முதல்முறையாகப் போன் செய்தீர்கள். பிள்ளைகளை விசாரிப்பீர்கள் என்று எண்ணினேன். "டப்பாவுல ராத்திரி போடுற பல் உறை இருக்கும், பத்திரமா அனுப்பிடு. இப்பவே முன்பல்லு பழையபடி கோண ஆரம்பிச்சிருக்கு" என்றீர்கள். உங்கள் அலுவலகத் தோழி பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். உங்கள் புதுச் சிரிப்பில் மயங்கியவர், பாவம். பழைய பற்களை அவர் பார்த்ததில்லை.

கோணல் பல்லை நேராக்கப் பல் டாக்டரிடம் நாம் சேர்ந்துதான் போனோம். வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். "உன்னை யாருடி பார்க்கப்போறா? கம்பியே போதும்" என்றீர்கள். டாக்டர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குக் கம்பிக்காரி என்று பெயர்.

கழற்ற முடியாத கம்பி என் வாயிலேயே கிடந்தது. நீங்களோ சாப்பிடும்போதெல்லாம் உறையைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி வைத்துவிட்டு மறந்துபோவீர்கள். ஓட்டல் குப்பைத்தொட்டிகளில் கைவிட்டுத் துழாவி, எடுத்துக் கழுவித் தந்தது யார் என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இன்று காலை, நீங்கள் அனுப்பச் சொன்ன அந்த ராத்திரி உறையை, உங்கள் வழக்கப்படியே, டிஷ்யூவில் சுற்றி எச்சில் தட்டுகளின் பக்கத்தில் வைத்தேன். மறந்தும் போனேன்.

குப்பை வண்டி இன்று சீக்கிரமே வந்துவிட்டது.

இப்படிக்கு,
கம்பிக்காரி