அம்மை போட்ட சோளம்

ஐப்பசி 9, திங்கள்
விடியலில் தூறல், பிறகு மூட்டம். மக்காச்சோளம் தோள் உயரம். கிணற்று மூலையில் கீழ் இலைகளில் சாம்பல் நிறப் புண்கள், சுருட்டு போல நீளம். தேய்த்தால் விரலில் கரும்பொடி. நூறு செடி எண்ணினேன். இருபத்திரண்டில் இருக்கிறது.

மாயாண்டி (என் கணவர் இருந்த காலத்திலிருந்தே பண்ணையைப் பார்ப்பவன்): "மழைத்தண்ணி சேரலம்மா. வெயில் அடிச்சா சரியாப் போகும்." வெயில் எங்கே?

பக்கத்துத் தோட்டத்து வீராயி தன் வரப்பில் நின்று பார்த்தாள். அவளுக்கும் இதே விதைதான், நாற்பது சென்ட். கணவன் பட்டாளத்தில், நாலு மாதமாகக் கடிதம் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். ரேஷன் அரிசி வாரத்தில் மூன்று நாளைக்கு. மற்ற நாளுக்கு இந்தச் சோளத்தைத்தான் நம்பியிருக்கிறாள்.

"அம்மை போட்டிருக்கு வாத்தியாரம்மா. வேப்பங்குழை கட்டுங்க. அம்மை போட்ட வீட்டுக்காரவுக அடுத்த வீட்டுப் படி ஏற மாட்டாக" என்று சிரித்தாள்.

அம்மை இல்லை, பூஞ்சணம் என்று விளக்கினேன். பதினாறு வருஷம் பள்ளியில் தாவர சாஸ்திரம் நடத்தியவள் அல்லவா. தலையாட்டினாள்.

ஐப்பசி 10, செவ்வாய்
கடும் பனி. ஆறு மணிக்கே என் தோட்டம் முழுவதும் நடந்து எண்ணிக்கை. அப்படியே வீராயி தோட்டம். நடு வரிசைகளின் இடைவெளியில் நெடுகப் போய் இலையைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தம். "ஒன்றுமில்லை, தினம் வந்து பார்க்கிறேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம் போலும்.

சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. தும்மல்.

ஐப்பசி 13, வெள்ளி
காலை இரண்டு தோட்டமும் பார்த்தாயிற்று. பிறகு மதுரை. பெட்ரோல் இல்லாததால் கரியில் ஓடும் பஸ், ஏற்றத்தில் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். ராவுத்தர் மருந்துக் கடையில் மயில்துத்தம் (நீல நிறச் செம்பு உப்பு, பூஞ்சணத்தைக் கொல்லும்) கேட்டேன்.

"கப்பல் வந்தாத்தானேம்மா சரக்கு வரும்? ஒரு டப்பா கிடக்கு. யாருக்குச் சொறிபடை?"

"சோளத்துக்கு."

"சோளத்துக்குமா! யா அல்லா, இந்த யுத்தத்துல எதுக்குத்தான் சீக்கு வரல!" சிரித்துக்கொண்டே டப்பாவை வழித்துக் கொடுத்தார்.

வாங்கியவை: மயில்துத்தம், கல்சுண்ணாம்பு, தைலம். மண்ணெண்ணெய் இல்லை.

ஐப்பசி 14, சனி
துத்தமும் சுண்ணாம்பும் மண்பானையில் கரைத்தோம். கத்தியை முக்கிப் பார்த்தேன், செம்பு நிறம் ஏறியது: துத்தம் மிஞ்சியிருக்கிறது. இன்னும் சுண்ணாம்பு. தெளிக்கக் கருவி ஏது? விளக்குமாற்றை முக்கி உதறினோம். மாயாண்டி: "கல்யாணத்துல பன்னீர் தெளிச்சாப்ல இருக்கு. மாப்ளயத்தான் காணோம்." எனக்கும் சிரிப்பு வந்தது. பல நாளுக்குப் பிறகு.

மூன்று மணிக்கு மழை. நீலம் முழுக்கக் கழுவிப் போயிற்று. மயில்துத்தம் தீர்ந்தது.

ஐப்பசி 21, சனி
என் தோட்டம்: நூற்றுக்கு அறுபத்தைந்து. வீராயி தோட்டம்: இன்றுதான் முதல் புண். ஒன்றல்ல, இரண்டு வரிசை நெடுக. மற்ற வரிசைகள் பச்சை. காற்றடிக்கும் பக்கம்கூடச் சுத்தமாக இருக்கிறது. ஏன் இந்த இரண்டு மட்டும்? புரியவில்லை. தலைவலி.

ஐப்பசி 23, திங்கள்
எழுதிக் கேட்டிருந்தேன், விவசாய இலாகாவிலிருந்து, பயிர் யோசனை சொல்லும் டிமான்ஸ்ட்ரேட்டர் சைக்கிளில் வந்தார். இளைஞர், நிதானமான பேச்சு. வீராயி தோட்டத்தில் குனிந்து பார்த்தவர் கேட்டார்: "இந்த ரெண்டு வரிசைக்கு நடுவுல யார் நடக்கறது? பனி காயறதுக்கு முன்னாடி?"

குனிந்தபடியே அடுத்த இலையைத் திருப்பினார்.

"சீக்கு உள்ள தோட்டத்துல நனைஞ்ச துணியோட நல்ல தோட்டத்துக்குள்ள போனா, நாமே கொண்டுபோய் விதைச்ச மாதிரி."

மாயாண்டி கிணற்றைப் பார்த்தான். நான் என் சேலைக் கரையைப் பார்த்தேன். கரும்பொடி.

ஐப்பசி 24, செவ்வாய்
வெயிலேறிய பிறகு வீராயி வீட்டுக்குப் போனேன். வேறு சேலை. "நான்தான் கொண்டு வந்தேன்" என்றேன். வழியெல்லாம் நீளமாக யோசித்து வைத்திருந்ததில் அவ்வளவுதான் வாயில் வந்தது.

புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"தெரியும். அன்னைக்கே சொன்னேன்ல, அம்மை போட்ட வீட்டுக்காரவுக படி ஏற மாட்டாகன்னு. அதுக்கு மேல எப்படிச் சொல்ல? வாத்தியாரம்மாவப் பாத்து வராதீகன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

அவள் சிரித்துச் சொன்னதால் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். சிரிக்காமல் என்னிடம் அவளால் எதைச் சொல்ல முடியும்?

ஐப்பசி 25
தூக்கமில்லை. மழை.

கார்த்திகை 2, புதன்
வெயில். இப்போது வந்து என்ன. வீராயி தோட்டம் உச்சி இலை வரை காய்ந்துவிட்டது. கதிரை உரித்து மாயாண்டி காட்டினான்: மணி பிடிக்கவில்லை, பொக்கு. தட்டையை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் சுமக்கின்றன.

என் மேட்டுப் பாத்தி மட்டும் கொஞ்சம் தேறும். என் வரப்பிலேயே நின்று, தேறுவதெல்லாம் அவளுக்கு என்று சொன்னேன். அவள் வரப்பில் வேப்பங்குழை. புதிதாகக் கட்டியது.

அரிவாளை நிறுத்தாமல் சொன்னாள்: "குடுங்க. வேணாம்னு சொல்ல மாட்டேன், பிள்ளைக இருக்கு. மாயாண்டி அண்ணேகிட்டக் குடுத்து விடுங்க."

அடுத்த தட்டையைப் பிடித்து, என்னைப் பார்க்காமல்:

"நீங்க வராதீக."