மூன்றாவது ஊசி

லூமுட், மலேசியா
2 பிப்ரவரி 2025

என் அக்காள் பெற்ற ஒரே தங்கக் கட்டி துளசிக்கு,

லூமுட் படகுத்துறைக் கார் நிறுத்துமிடத்தின் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் எழுதுவது. போனை உன் நாத்தனார் புனிதா திறந்து பார்க்கிறாள் என்றாயே, அதனால் நீ வேலை செய்யும் தையல் கடை முகவரிக்கே எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துத் தபால்காரன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தானாம்.

ஊசிக்கா பயப்படுகிறாய்? சாந்தினி வயிற்றில் இருந்தபோது தெரியவந்த எச்.ஐ.வி.யை, ஆறு வருஷமாய் மாத்திரையாலேயே மூலையில் உட்கார வைத்தவள் நீ! உன் புருஷன் கோகிலன் நுரையீரல் கெட்டுச் செத்தான் என்று அவன் அம்மாவே நம்பும்படி ரகசியத்தைக் காத்தவள். உன்னைப் போன்றவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம், எச்.பி.வி. தடுப்பூசி அதைக் குறைக்கும் என்று நர்ஸ் சொன்னால் போட்டுக்கொள். மூன்று ஊசி: வரும் வெள்ளி, ஏப்ரல், ஆகஸ்ட்.

உன் மாமியாரிடம், கல்லுமலைக் கோயிலுக்கு மூன்று தடவை உன்னைக் கூட்டிப் போவதாக வேண்டுதல் என்று புளுகிவிட்டேன். முருகன் கோபித்தால் நான் பேசிக்கொள்கிறேன். எங்களுக்குள் பழக்கம் உண்டு.

மாமன்னர் பத்துமலை

குனோங் ராபாட்
12 ஏப்ரல் 2025

அன்பு மாமா,

நேற்றுப் போட்ட இரண்டாவது ஊசி கையில் கொஞ்சம் வலிக்கிறது. காரில் நீங்கள் பூசிவிட்ட திருநீறு அரைக் கிலோ இருக்கும். வீட்டில் மாமியார் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, 'சாமி தரிசனம் நல்லாக் கெடச்சிருக்கு' என்று சொன்னார்.

மே 18 சாந்தினிக்குக் காதுகுத்து. எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை, அவள் உங்கள் மடியில்தான் உட்கார வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், பேச்சைக் குறையுங்கள் மாமா. இவர்களுக்குத் தெரிந்தால் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள்.

துளசி

லூமுட்
21 மே 2025

துளசி,

மூன்று நாளாய் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ உள்ளே இருந்தபோது கூடத்தில் என்ன நடந்தது என்று நானே எழுதுகிறேன்.

காதுகுத்துக்கு நான் கொண்டுவந்த சீர்த்தட்டுகளை உன் நாத்தனார் விரல்விட்டு எண்ணினாள். 'ஏழுதானா?' என்றாள். 'எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு நாங்க குறையே வெக்க மாட்டோம்லா. என் மகளுக்கு ஸ்கூல்லயே கேன்சர் ஊசி போட்டாச்சு' என்றாள். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் முன்னால் தாய்மாமன் தோற்பதா? என் நாக்கு எனக்கு முன்னால் எழுந்து நின்றது.

'உங்க பிள்ளைக்கு ஒன்னுதானே? என் அக்கா மகளுக்கு மூணு! ரெண்டு போட்டாச்சு!'

அவள் கிளினிக் கவுண்டரில் வேலை செய்பவள் என்பது அப்போது எனக்கு நினைவே இல்லை. 'எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்குல்ல மூணு?' என்றாள். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பத்துமலை

குனோங் ராபாட்
2 ஜூன் 2025

மாமா,

அன்றைக்கே அலமாரியைக் குடைந்து மாத்திரையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என் தட்டும் டம்ளரும் இப்போது குளியலறைப் பக்கம் இருக்கின்றன. தொட்டால் ஒட்டாது என்று புனிதாவுக்குத் தெரியும். அவளும் வாய் திறக்கவில்லை. சாந்தினி பதினைந்து நாளாய்ப் பாட்டியோடு படுக்கிறாள்.

லூமுட்டுக்கு வரலாம். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினால், என் நோயை அவள் பாலர் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்களாம்.

நேற்று மாமியார் ஒரு வழி சொன்னார். 'அந்த மாமன் இந்தப் பக்கம் வரக்கூடாது, எழுதவும் கூடாது. சரின்னா பிள்ளை உன்கிட்ட படுக்கட்டும்.'

சரி என்றுவிட்டேன்.

துளசி

லூமுட்
30 ஜூலை 2025

துளசிக்கு,

நீ கொடுத்த வாக்கை மீறி எழுதுகிறேன். இதுதான் கடைசி. ஆகஸ்ட் 8, வெள்ளி, காலை ஒன்பது மணி. என் மேல் உள்ள கோபத்தில் அந்த ஊசியை விட்டுவிடாதே.

மாமா

குனோங் ராபாட்
9 ஆகஸ்ட் 2025

மாமா,

கடையில் அரை நாள் லீவு கேட்டு, பஸ்ஸில் போய் மூன்றாவதையும் போட்டுக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

போட்டதும் தலை சுற்றியது. நர்ஸ் என்னைப் பிடித்து உட்கார வைத்து, 'கூட யாரும்மா வந்திருக்கா?' என்று கேட்டார்.

'மாமா வந்திருக்காரு. கார் நிறுத்த இடம் தேடிக்கிட்டு இருக்காரு' என்றேன்.

பதில் எழுத வேண்டாம்.

துளசி