அந்தச் சுவரை நீ சரியாகத்தான் தேய்த்தாய்

என் ஆசை அம்மாவுக்கு,

வருகிற செவ்வாயோடு நீ போய் ஒரு வருஷம். நம் பிளாக் வாசலில் பேனர் வைக்கலாம் என்று பெரிய மாமா சொன்னார். நடுவில் உன் போட்டோ, கீழே கண்ணீருடன் என்று எங்கள் பெயர்கள். நான் வேண்டாம் என்றேன். நீ செத்துப்போனாய் என்பது மட்டும்தான் அந்தப் பேனரில் இருக்கும். அது எர்ணாவூரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் பேனருக்குப் பதிலாக இந்தக் கடிதம். இது உனக்கு எழுதுவதுதான். ஆனால் மற்றவர்களும் படிக்கட்டும்.

நான் எழுதுவதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'பிரசன்ட் மிஸ்' என்று சொல்லக் குரல் வராமல், உட்கார்ந்த இடத்திலேயே ஆப்சென்ட் வாங்கியவள் நான். ஒன்பதாவதோடு அந்தத் தொல்லையும் விட்டது.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதே. நான் இப்போது உன் வேலைக்குத்தான் போகிறேன். அதுவும் ஏழுமலை மேஸ்திரியிடமே. வேறு யார் கூப்பிட்டார்கள்?

வேலை நீ பார்த்த அதே மாதிரிதான் இருக்கிறது. பழைய பெயின்டைச் சுரண்டுவது நாம். சுவரைக் கழுவுவது நாம். விரிசலைக் கீறி அகலமாக்கிப் பட்டியைத் திணிப்பதும், அது காய்ந்த பிறகு கை மரத்துப் போகும்வரை உப்புத்தாளால் தேய்ப்பதும் நாம். இத்தனையும் முடிந்த பிறகு ரோலரைக் கையில் எடுக்கிறவருக்குப் பெயின்டர் என்று பெயர். நமக்கு 'தேய்க்கிற பொம்பளைங்க' என்று பெயர். சுவர் கண்ணாடி மாதிரி வந்தால் பெயின்டர் கை. குமிழ் விட்டால் தேய்த்தவள் கை. இது எந்த ஊர் நியாயம் அம்மா?

போன மாதம் ஒரு காலை, காசிமேட்டில் வேலை என்று மேஸ்திரி கூப்பிட்டார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் குமிழ் குமிழாக உப்பிய சுவர். உன் சுவர் அது.

இதைப் படிக்கிறவர்களுக்காக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோடை விடுமுறையில் உன்னோடு நானும் அந்த வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு லாஞ்சு இருக்கிறது, பெரிய மீன்பிடிப் படகு. அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருந்தார்கள். குளியலறையை ஒட்டிய ஹால் சுவர் மட்டும் உப்புப் பூத்து, திட்டுத் திட்டாக இருந்தது. நீ அதைச் சுரண்டித் தேய்த்து முடித்துவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தாய். பிறகு காலிப் பால் கவர் ஒன்றை வெட்டி விரித்து, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினாய். மறுநாள் கவரின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"அண்ணே, செவுரு உள்ள ஈரமா கீது. பைப்பு ஒழுகுதுன்னு நெனைக்கிறேன். அத்த பாத்துட்டு காய வுட்டுதான் அடிக்கணும்" என்று நீ மேஸ்திரியிடம் சொன்னாய்.

"செவுரு காயிற வரைக்கும் பொண்ண தலைக்குத் தண்ணி ஊத்தாம குந்த வைக்க சொல்றியா? அடுத்த வாரம் ஃபங்ஷன் கன்னியம்மா!"

வீட்டுக்காரர் உள்ளே போய், லாஞ்சுக்கு அடித்து மீந்த நீல பெயின்ட் டப்பாவோடு வந்தார். "இன்னாத்துக்கு ரோசனை நைனா? கடல்லயே நிக்கிற பெயின்ட்டு இது. உப்புத்தண்ணியே உள்ள வராது. இத்த ஒரு கோட்டு வுட்டுட்டு மேல பட்டிய போடு. எங்க தெருவுல பாதி வூட்டுல இப்படித்தான்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஒழுகும் சுவருக்கெல்லாம் அங்கே படகு பெயின்ட்தான் மருந்து.

நீ மெதுவாகச் சொன்னாய். "போட்டுக்கு தண்ணி வெளிய இருந்து வருது சார். இந்த செவுத்துக்கு உள்ள இருந்து இல்ல வருது. மூடிட்டா அது எங்க போவும்?"

"இன்னா கன்னியம்மா, இஞ்சினீருக்கு படிச்சிக்கீறியா?" என்று மேஸ்திரி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நீயும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். ஏன் சிரித்தாய் அம்மா?

நீலம் அடித்தார்கள். அதன்மேல் பட்டி, அதன்மேல் பிரைமர், அதன்மேல் சந்தன நிறம். விசேஷத்தன்று சுவர் ஜோராக இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் பூரி மாதிரி உப்பிக்கொண்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கூப்பிட்டு விட்டார்கள் என்று நீ போனாய், நானும் கூட வந்தேன். வீட்டுக்குள்ளே கூட விடவில்லை. வாசலில் நிற்க வைத்து, மீன் கூடையோடு போன பெண்களெல்லாம் நின்று பார்க்க, மேஸ்திரி கத்தினார்.

"நான் இன்னா பண்றது சார்? மூணு தபா உப்புத்தாள் போட சொன்னேன். இது கதை பேசிகினு ஒரு தபா தடவிட்டு வந்துகீது. பொம்பளைங்கள நம்பி தேய்க்க வுட்டா இதான்!"

நீ எதுவும் சொல்லவில்லை. பால் கவரைப் பார்த்த நானும் எதுவும் சொல்லவில்லை. உன் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினாலு வயசு எனக்கு, நாலு வயசுப் பிள்ளை மாதிரி.

அதற்குப் பிறகு உன்னை யார் கூப்பிட்டார்கள்? "அந்தக் கன்னியம்மாவா, வாணாம்பா, வேலை சுத்தமில்ல" என்று ராயபுரம் வரைக்கும் பேச்சு. நீ இறால் உரிக்கப் போனாய். ஐஸ் தண்ணீரில் விரல் வெடித்தது. இருமலோ அதற்கு முன்பே வந்துவிட்டது. பதினைந்து வருஷம் காய்ந்த சுவரைச் சுரண்டிய தூசு. அதனால்தானா என்று பெரியாஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆனால் மாஸ்க் ஒன்று எப்போதும் மேஸ்திரி பையில் இருந்தது. ஸ்பிரே அடிக்கும்போது அவர் கட்டிக்கொள்வார். உனக்கு முந்தானை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன்.

அந்த வீட்டு மூத்த மகனுக்கு நிச்சயதார்த்தம். அதனால்தான் அலமாரி நகர்ந்தது. "மேல கீற குமிழ மட்டும் தட்டி வுட்டுட்டு பட்டி போடு" என்றார் மேஸ்திரி. வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே மறுபடியும் ஒரு லாஞ்சு பெயின்ட் டப்பா இருந்தது. இந்தத் தடவை பச்சை. எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை.

பட்டித் தகட்டைக் குமிழின் ஓரத்தில் விட்டு நெம்பினேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரே துண்டாகப் பெயர்ந்து கையில் விழுந்தது. ஓரத்தைப் பார்த்தால் வரிவரியாகத் தெரிந்தது. சந்தனம், வெள்ளை, கீழே அந்த நீலம். பின்பக்கம் திருப்பினேன்.

பின்பக்கம் முழுக்க மணல்.

உனக்கு இது ஒரு பார்வையிலேயே புரிந்திருக்கும். நான்தான் அங்கேயே குந்திவிட்டேன். தேய்க்காமல் விட்ட சுவர் என்றால் புதுப் பெயின்ட் பழைய பெயின்டை விட்டுத்தான் பிரியும். பின்பக்கம் வழவழவென்று இருக்கும். இதில் பழைய பெயின்டின் பொட்டுக்கூட இல்லை. அத்தனையையும் நீ சுரண்டி எடுத்திருந்தாய். நீலம் நேராகச் சிமென்ட் பூச்சைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி கடைசிவரை விடவில்லை. வெளியே வர வழியில்லாத தண்ணீர் பூச்சையே செங்கல்லிலிருந்து பெயர்த்துத் தள்ளியிருக்கிறது. உன் கை விடவில்லை அம்மா. சுவர்தான் விட்டது.

அன்றைக்கு நான் பேசினேன் என்று நினைக்கிறாயா? இல்லை. துண்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் சுவரில் ஒரு பால் கவரை ஒட்டினேன். அதற்கு மறுநாள் காலை மேஸ்திரி பச்சை டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்க ஆரம்பித்தார். நாளைக்கு இது உப்பினால் அதே வாசலில் என்னை நிற்க வைப்பார்கள். கன்னியம்மா மகள்தானே, இரண்டு பேருக்கும் வேலை சுத்தமில்லை என்பார்கள். உனக்கு இரண்டாவது தடவையும் அந்தப் பெயர் வரும்.

"அண்ணே, வாணாம்" என்றேன்.

"இன்னாது? அட, ஊமைக்கு வாய் வந்துட்சி டோய்!"

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். பையிலிருந்து துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் உள்ளங்கையில் மணல் உதிர்ந்தது.

"இது இன்னா, நம்ம லாஞ்சு ப்ளூ ஆச்சே" என்றார்.

"ஆமா சார். நீங்க குடுத்ததுதான். திருப்புங்க. மண்ணு கீதா? எங்கம்மா ஒழுங்கா தேய்க்கலன்னா பெயின்ட்டுதான் உரிஞ்சி வந்திருக்கும். இங்க செவுரே வந்துகீது. உள்ள தண்ணி கீதுன்னு எங்கம்மா அப்பவே சொல்லிச்சி. நான் இங்கதான் குந்திகினு இருந்தேன். நீங்களும் இருந்தீங்க, அண்ணனும் இருந்தாரு."

வீட்டுக்கார அம்மா சமையலறையிலிருந்து வந்து பால் கவரைப் பிய்த்தார். உள்ளிருந்து தண்ணீர் அவர் விரலில் வழிந்தது. அந்த விரலைப் புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாத்ரூம் டைல்ஸு சந்தெல்லாம் கறுத்துகினே போவுதுன்னு நான் எத்தினி தபா சொன்னேன்? அந்தம்மாவும் சொல்லிகீது. பொம்பள சொன்னா உங்க காதுல இன்னா, பஞ்சா?"

மத்தியானம் பிளம்பர் வந்து டைல்ஸை உடைத்தார். சுவருக்குள் பைப் இணைப்பு ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது. எத்தனை வருஷமாக என்று யாருக்குத் தெரியும்? அதை மாற்றிப் போட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அம்மா எனக்கு ஆறவில்லை.

"சரி வுடும்மா. போய்ச் சேர்ந்தவங்கள பத்தி இப்ப இன்னாத்துக்கு?" என்றார் வீட்டுக்காரர். பழியை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்கள். உண்மை மட்டும் ஹாலுக்குள்ளே, நாலு பேருக்குள்ளே, மெதுவாக. இது போதும் என்றால் எனக்குப் போதாது.

மேஸ்திரியிடம் கேட்டேன். "அண்ணே, அன்னிக்கு நின்ன அதே வாசல்ல நின்னு, கன்னியம்மா மேல தப்பில்லன்னு சொல்லு."

"இன்னாமே, கால்ல வுழ சொல்வே போலகீதே!"

"வுழ வாணாம். சொன்னா போதும்."

டீ குடிக்கப் போகிறேன் என்று போனவர், இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார். மறுநாள் டீக்கடையில், "அந்த செவுரு பைப்பு ஃபால்ட்டுப்பா, யாரு இன்னா பண்ண முடியும்" என்று சொன்னாராம். உன் பெயரைச் சொல்லவில்லை. திட்டும்போது மட்டும் உன் பெயர் வேண்டியிருந்தது.

அவர் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்கிறேன். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களே, கலர் அட்டையைப் புரட்டுவதற்கு முன்னால் சுவரில் ஒரு பால் கவரை ஒட்டிப் பாருங்கள். ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான். உள்பக்கம் நீர் கோத்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். உப்பிய பூச்சை எடுத்துவிட்டுச் செங்கல்லைக் காய விடுங்கள். வாரக்கணக்கானாலும் பொறுங்கள். லாஞ்சு பெயின்டை லாஞ்சுக்கே அடியுங்கள். சுரண்டுகிற பெண்ணுக்கு மாஸ்க் ஒன்று கொடுங்கள், தூசு பறக்காமல் இருக்கச் சுவரை நனைத்துக்கொள்ள விடுங்கள். சுவர் ஈரம் என்று அவள் சொன்னால் சிரிக்காதீர்கள். அதைத் தொட்டுத் தடவிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தச் சுவர் இப்போது செங்கல் தெரியத் திறந்து கிடக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பட்டுப்புடவையை அதன்மேல் தொங்கவிட்டுவிட்டார்கள். "காயட்டும். செவுத்த பாத்தா பொண்ணு குடுக்கறாங்க?" என்றார் வீட்டுக்கார அம்மா. சனிக்கிழமை தோறும் நான் போய் ஒரு கவரை ஒட்டுகிறேன், ஞாயிறு போய்ப் பிரிக்கிறேன். முதல் வாரம் வழிய வழியத் தண்ணீர். போன வாரம் லேசான ஆவி மட்டும். மேஸ்திரி என்னை இன்னும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினாலும் அந்தச் சுவருக்கு நான் போவேன்.

செவ்வாய்க்கிழமை காலை, ஏலம் முடிந்து மீன் கூடையோடு பெண்கள் அந்தத் தெருவழியாகத் திரும்பும் நேரத்தில் அதே வாசலில் போய் நிற்கப் போகிறேன். அன்றைக்கு நின்று பார்த்தவர்களில் பாதிப் பேராவது வருவார்கள். இந்தக் கடிதத்தை அங்கே சத்தமாகப் படிப்பேன். முதல் வரியில் குரல் வராமல் போகலாம். வரும்வரை நின்றுகொண்டே இருப்பேன். உன் பெயரை மட்டும் இரண்டு தடவை படிப்பேன். இது சத்தியம்.

அன்றைக்கு உன் புடவையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்ற உன் மகள்,
பவானி