கூவக் கூடாத குழல்

நிலைய நாள் 212. காலை 06:10
செவ்வாய் சுற்றுப்பாதை நிலையம். பூரணம் எழுதுகிறேன். மூச்சுக் காற்று தரும் பாசித் தொட்டிகள் என் பொறுப்பு. பாசி பச்சையாக இருக்கிறது. காற்று சரி. மற்றவர்கள் கீழே செவ்வாய்த் தரையில். புழுதிப் புயல் அடங்கும்வரை விண்ணோடம் மேலே வராது. நேற்று இயந்திரக் கை என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது. எனக்குப் பிறவியிலிருந்தே மூச்சிழுப்பு. இங்கே எடை கிடையாது. காந்தச் செருப்பு போட்டால்தான் கால் நிற்கும்.

07:00
தரையிலிருந்து டாக்டர் பேரின்பம்:
“ஆச்சி, பல்லு எடுத்த குழியில ரத்தம் கட்டியா உறைஞ்சிருக்கு. உறிஞ்சினா பிஞ்சு வந்துரும். இழுப்பு மருந்துப் பம்பை நேரா வாயில வைக்காதீங்க. குழல மாட்டி ஒரு அமுக்கு, மெதுவா இழுத்து நிறுத்துங்க. வேகமா இழுத்தா குழல் கூவும். கூவக் கூடாது. கொப்பளிச்சுத் துப்பவும் கூடாது. ஆனா இழுப்பு வந்தா பம்பைத் தள்ளிப்போடாதீங்க, மூச்சுதான் முதல்ல. காயம் திறந்து ரத்தம் வந்துட்டா எங்களால வர முடியாது, ஆச்சி.”

பம்பு அடித்தபின் தண்ணீரை வாயில் வைத்துத் தானாக வழியவிட வேண்டுமாம். இங்கே எது வழியும்? ஈரத் துணியால் துடைத்துக்கொண்டேன்.

மாலை 17:30
பம்பு அடித்தேன். குழல் கூவவில்லை. வலி இருக்கிறது. நீல டப்பாவில் இருக்கும் வலி மாத்திரையைத் தொடவில்லை. அந்த மாதிரி மாத்திரையைக் கொடுத்து எனக்கு இழுப்பை வரவழைத்த எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரனின் முகம் இன்னும் மறக்கவில்லை.

நிலைய நாள் 213. காலை 09:40
பூமியிலிருந்து, தங்கை மகன்:
“ஏ பெரியம்ம, ராஜதுரை பேசுதேன். அம்ம விடியக்காலம் போயிட்டா. சாயங்காலம் எடுக்கோம். நீ ஒரு வாட்டி அழுது அனுப்பு, பந்தல்ல போட்டுவிடுதேன். ‘அக்காக்காரி வானத்துல இருந்தாலும் நெஞ்சு கல்லுதானா’ன்னு பொம்பளையள் இப்பமே கேக்காளுவ.”

செல்லக்கனி. என் கூடப் பிறந்தவள்.

10:15
என் வீட்டுக்காரர் செத்தபோது அவள் வந்தாள். பந்தலுக்கு வெளியே நின்றாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. மாரடித்து அழும் கூட்டத்தில் வந்து உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். போகிறவளின் முதுகைப் பார்த்துச் சொன்னேன், உன் சாவுக்கு என் வாய் திறக்காது என்று. சொன்னது சொன்னதுதான்.

10:50
டாக்டர்:
“ஆச்சி, மனசு தாங்காதுதான். ஆனா ஏங்கி அழுதுராதீங்க. இழுப்பு கிளம்பும், கட்டி பிஞ்சுரும். ஒரு வாரம் பொறுத்து அழுதுக்கலாம்.”

ஒரு வாரம் கழித்து அழுகிற அழுகைக்கு ஊரில் என்ன பெயர் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எனக்கு நல்லதாகப் போயிற்று. அழாததற்கு வைத்தியரே சாட்சி.

13:20
பாசி சரி. காற்று சரி. நெஞ்சு சரியில்லை.
சின்ன வயதில் இழுப்பு வந்தால் எனக்குப் படுக்க முடியாது. செல்லக்கனி என் பின்னால் உட்கார்ந்து முதுகு கொடுப்பாள். அவள் முதுகில் சாய்ந்துதான் தூங்குவேன். அவள் தூங்க மாட்டாள். என் முதுகில் அவள் மூச்சு ஏறி இறங்குவது தெரியும். இதையும் நான் மறக்கவில்லை. ஏன் இத்தனை வருடம் செருப்பு மட்டும் ஞாபகத்தில் நின்றது?
இங்கே சுவர் இருந்தும் சாய முடியாது. எடையில்லாதவளுக்கு எதில் சாய்வு?

14:05
எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று ராஜதுரைக்குச் சொல்ல ஒலிவாங்கியைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. இழுப்புதான் வந்தது. குழலை வாயில் வைத்து அமுக்கினேன். மெதுவாகத்தான் இழுக்க நினைத்தேன்.
குழல் கூவியது.
நீளமாகக் கூவியது. பந்தலில் முதல் பொம்பளை எடுக்கிற குரல் மாதிரி. அது அப்படியே ஊருக்குப் போய்விட்டது.

14:12
டாக்டர்:
“ஆச்சி, குழல் கூவுறது கேக்குது! மெதுவா! மெதுவா ஆச்சி!”

14:20
மருந்து இறங்கி நெஞ்சு இளகிவிட்டது. இனி பம்பு தேவையில்லை. ஆனாலும் குழலை எடுத்தேன். ஒலிவாங்கி திறந்தே இருக்கிறது.
என் வாய் திறக்கவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். குழலைக் கவ்வி மூடித்தான் இருக்கிறது. அழுகிறது குழல். நான் இல்லை.
மறுபடி இழுத்தேன். மறுபடி.

14:31
வாயில் உப்பு. ரத்தம் உருண்டையாக மிதக்கிறது, குன்றிமணி மாதிரி. துப்பக் கூடாது. இருமல்
பாசி சரி
டாக்டர் கூப்பிடுகிறார். இன்னும் ஒரு தடவை

14:
செருப்பைக் கழற்றிவிட்டேன், செல்லக்கனி