வாசிக்காமல் விட்ட ஷரத்து

உத்திரமேரூர்
8.4.1961

அன்புள்ள தேவராஜனுக்கு,

இங்கு நலம். மேரி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் என் ஃபுட்வால்வைச் செய்ய உங்கள் கம்பெனிக்கு லைசென்ஸ் எழுதிக் கொடுத்து இரண்டு கோடை போய்விட்டது. ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. கடையில் விற்கும் வால்வு கெட்டுப்போய், குழாயில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது. தினமும் காலையில் பம்பில் சாணி கரைத்து ஊற்றித்தான் எஞ்சினை ஓட்டுகிறார்கள். என் வால்வு போட்டால் அந்த வேலையே இல்லை. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

காவாந்தண்டலம் கன்னியப்பன் பட்டறைக்கே வந்துவிட்டார். "கதிர் வர்ற நேரத்துல பயிரு காஞ்சிக்கினு கீது. நீ கண்டுபுடிச்ச சாமான் தான, ஒண்ணு செஞ்சி குடேன்" என்றார். செய்து கொடுத்தேன். கம்பெனி எப்போது செய்ய ஆரம்பிக்கும் என்று கேட்டு எழுது.

உன் பிரியமுள்ள
ஏசுதாஸ்

சென்னை
15.4.1961

அன்பு நண்பன் ஏசுதாசுக்கு,

கன்னியப்பனுக்குச் செய்து கொடுத்ததை யாரிடமும் சொல்லாதே. இனிமேல் செய்யவும் வேண்டாம்.

மானேஜரிடம் பக்குவமாகக் கேட்டேன். "இப்ப விக்கிற நம்ம வால்வு வருஷா வருஷம் கெட்டாத்தானே புதுசு வாங்குவாங்க" என்று சிரித்தார். நீ கொடுத்த சாம்பிள் வால்வு, காகிதம் பறக்காமலிருக்க அவர் மேஜைமேல் இருக்கிறது. கோபப்படாதே. எனக்கும் வேலை இப்போதுதான் நிரந்தரமாகியிருக்கிறது.

உன்
தேவராஜன்

உத்திரமேரூர்
2.5.1961

தேவராஜனுக்கு,

கம்பெனி நோட்டீஸ் வந்தது. உங்கள் விற்பனையாள் கன்னியப்பன் கிணற்றில் என் வால்வைப் பார்த்துவிட்டானாம். ஞானதாஸ் வாத்தியார் அந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னார். ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்துப்படி, பேடண்ட் தீரும்வரை நான் அதைச் செய்யவே கூடாதாம். கம்பெனி செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. முதலாளிகள் அப்படித்தான் இருப்பார்கள், அவர்கள் எனக்கு உறவா, ஒட்டா? முத்திரைத்தாளை விரித்துத் தமிழில் வாசித்துக் காட்டியவன் நீ. ஆறாவதை முடித்து எட்டாவதுக்குப் போனாயே, எனக்கு எப்படித் தெரியும்? உன்னை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்.

நோட்டீசின் அடி மூலையில் டைப் அடித்தவன் அடையாளமாக டி.ஆர். என்று உன் இங்கிலீஷ் இனிஷியல் இருக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே மூலையில் அதே டி.ஆர். மேரிக்குக் காட்டினேன். "நம்ம வூட்ல துன்ன மனுசனா இத அடிச்சிது?" என்றாள். இரண்டு தாளையும் மடித்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

நான் நிறுத்தவில்லை. செய்தவன் நான் ஒருவன்தான். இதுவரை போட்ட கிணறுகள்: காவாந்தண்டலத்தில் கன்னியப்பனுடையது, சொக்கம்மாளுடையது. மானாம்பதியில் வேதகிரியுடையது. திருமுக்கூடலில் சின்னப்பையனுடையது. இந்த வாரம் இன்னும் மூன்று.

அடுத்த நோட்டீசையும் உன்னிடம்தான் அடிக்கக் கொடுப்பார்கள். அன்று வாசித்ததுபோல் இல்லாமல், இந்தக் கிணறுகளில் ஒன்றையும் விடாமல் அடி.

ஏசுதாஸ்